இருபத்திரண்டு சட்டையும் ஒரு முடிவிலியும்

ஐம்பத்து மூன்று வயதில் நான் ஒரு சட்டைத் துணியை வடிவமைத்தேன். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது என்பதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. எல்லாருக்கும் ஒரே மாதிரி சட்டை வேண்டும் என்று கேட்டு வந்த இருபத்திரண்டு பேருக்கு, ஒரு சட்டை இன்னொன்றைப் போல் அமையாத துணியாகப் பார்த்து, அப்படி அமையாது என்பதற்குக் கணித நிரூபணமும் கையில் வைத்துக்கொண்டு, அறுபத்தைந்து மீட்டர் அச்சடித்துக் கொண்டுவந்து இறக்கினேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாகக் கெடுத்திருக்க முடியாது.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்த அடுக்கில், எத்தனையாவது உயரத்தில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது. ஒவ்வொரு பெட்டியின் கதவிலும் நான்கு எழுத்தும் ஆறு எண்ணும் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஏழாவதாக ஓர் எண். அது சும்மா போட்டதல்ல. முன்னால் இருக்கும் பத்தையும் ஒரு முறைப்படி பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் வரும் மிச்சம். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சரிபார்த்துவிடும். ஆனாலும் நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்பேன். விடை சரியாக வந்தால் அன்று முழுக்கக் கப்பல்களெல்லாம் என்னால்தான் மிதக்கின்றன என்பது போல ஒரு நடை நடப்பேன். யார்டில் யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் கணிதப் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும்? சில வருடங்களுக்கு முன் ஒரு புது வடிவத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்தேன். பதின்மூன்று பக்கமுள்ள ஒரு ஓடு. பாத்ரூமில் ஒட்டுகிற டைல்ஸ் இருக்கிறதே, அது இரண்டு அடிக்கு ஒரு தரம் அதே பூ, அதே இலை என்று திரும்பத் திரும்ப வரும். இந்தப் பதின்மூன்று பக்க ஓடு அப்படியில்லை. அதை மட்டுமே வைத்து இடைவெளி விடாமல் எவ்வளவு பெரிய தரையையும் நிரப்பலாம். எண்ணூர் வரைக்கும், அதற்கப்பால் கடல் வரைக்கும் நிரப்பிக்கொண்டே போகலாம். ஆனால் இத்தனை அடிக்கு ஒரு தரம் என்று ஒழுங்காக அந்தக் கோலம் திரும்ப வரவே வராது. ஒரு சின்ன நிபந்தனை உண்டு. அங்கங்கே சில ஓடுகளைக் குப்புறத் திருப்பிப் போட வேண்டும். போட்டால் தப்பில்லை என்று கணிதக்காரர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதில் என்னைக் கவிழ்த்தது நிரூபணம் அல்ல, அந்த வடிவம். அது பார்க்க ஒரு அரைக்கைச் சட்டை மாதிரியே இருந்தது. அவசரத்தில் வெட்டிய, ஒரு கை கொஞ்சம் தூக்கிக்கொண்ட சட்டை.

"இதப் பாரேன், எவ்ளோ போட்டாலும் திரும்ப வராது," என்று மனைவியிடம் காட்டினேன்.

"நம்ம வூட்டு பாத்ரூம்ல ரெண்டு டைல்ஸ் பேந்துகினு போய் ஒரு வருஷம் ஆவுது. அதுவுந்தான் திரும்ப வரல," என்றாள்.

என் மனைவிக்கு ஒரு தங்கை. அவள் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் வேலை செய்தாள். சட்டை தைத்தாள் என்று சொல்ல முடியாது. காலர் தைத்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவள் கை ஓரம் மடிப்பாள், பின்னால் இருந்தவள் பட்டன் வைப்பாள், இவள் காலர். பதினோரு வருடத்தில் எந்த ஊர்க் கழுத்துகளையெல்லாம் சுற்றிக்கொண்டு அந்தக் காலர்கள் திரிகின்றனவோ. ஒரு முழுச் சட்டையாவது முதல் தையல் முதல் கடைசிப் பட்டன் வரை தன் கையால் தைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வேலையை விட்டாள். திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் தெருவோரமாக ஓர் அறை, இரண்டு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின். கம்பெனி சூப்பர்வைசர் நல்ல மனுஷி. "மாசக் கடைசி வரைக்கும் உன் சீட்ட யாருக்கும் குடுக்க மாட்டேன். ஒத்து வரலன்னா வந்துடு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அன்பான வாக்கியம்தான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

முதலில் வந்ததெல்லாம் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஜாக்கெட் பிரிப்பது. அப்புறம் ஒரு நாள் காசிமேட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். விசைப்படகில் வேலை. இரண்டு வாரத்தில் ராயபுரத்துக் கோயிலில் கல்யாணம். அவனையும் சேர்த்து இருபத்திரண்டு பேருக்கு ஒரே மாதிரி சட்டை வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் தோஸ்துகள் ஒரே துணியில் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அதை உடை என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பக்கம் தெரியாது என்று அர்த்தம். அது ஒரு வருகைப் பதிவேடு. யார் யார் இவனோடு கடலுக்குப் போனார்கள், யார் யார் இவனுக்காகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள் என்பதெல்லாம் அந்தச் சட்டையில் எழுதாமல் எழுதியிருக்கும். ஒரு செட்டுக்குச் சட்டை பிடித்துப்போனால் அடுத்த கல்யாணத்துக்கும் அதே இடத்துக்கு வருவார்கள். திருவிழா, படகு இறக்குவது, ஃபுட்பால் டீம் என்று வந்துகொண்டே இருப்பார்கள். பிடிக்காவிட்டாலும் செய்தி அதே வேகத்தில் பரவும். ஆகவே அந்த ஆர்டர் அவளுக்கு வெறும் இருபத்திரண்டு சட்டை அல்ல. இது நின்றால் கடை நிற்கும். இல்லையென்றால் மாசக் கடைசியில் மறுபடியும் காலர்.

இந்த இடத்தில் அறிவுள்ள எவனும் வாயை மூடிக்கொண்டிருப்பான்.

"துணி டிசைன நான் பாத்துக்கறேன்," என்றேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வரைந்தேன். ஓடு எந்தப் பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப ஆறு விதமான நீலம். திருப்பிப் போட்ட ஓடுகளுக்கு மட்டும் நல்ல அழுத்தமான ஆரஞ்சு. யார்டில் என் ஜன்னலுக்கு எதிரே அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்துத்தான் நிறம் எடுத்தேன் என்று சொன்னால் ஏதோ கலைஞன் மாதிரி இருக்கும். உண்மையும் அதுதான். ஒரு தாளில் அச்செடுத்து மாப்பிள்ளையிடம் காட்டினேன்.

"சோக்கா கீது அண்ணாத்த. எத்தினி தபா பாத்தாலும் புச்சா கீது," என்றான்.

அதைக் கணிதத்துக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளில் இருப்பது அப்படியே எல்லாச் சட்டையிலும் வரும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

யானைக்கவுனியில் துணி வியாபாரி ஒருவர் வெள்ளைப் பருத்தித் துணியைக் கொடுத்துக் கம்ப்யூட்டர் பிரிண்ட் போட்டும் வாங்கித் தருவார். அவர் கேட்ட முதல் கேள்வி: "ரிப்பீட் எத்தன இஞ்ச் சார்?" துணிக்காரர்கள் பாஷையில் ஒரு டிசைன் எவ்வளவு தூரத்தில் திரும்ப வருகிறதோ அதற்கு ரிப்பீட் என்று பெயர்.

"ரிப்பீட்டே கெடயாது," என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

"கெடயாதுன்னா எப்படி சார்? எங்கியாவது திரும்ப வந்துதான ஆவணும்?"

"வராது."

 அவர், துணி திரும்ப வராவிட்டாலும் தொகை திரும்பத் தரமாட்டேன் என்பதை மட்டும் தெளிவுபடுத்திக்கொண்டு வேலையை எடுத்துக்கொண்டார். ஐம்பது மீட்டர் போதும் என்று மச்சினி சொல்லியிருந்தாள். முடிவிலி என்ற பேருக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று நான் பதினைந்து மீட்டர் கூடுதலாகப் போடச் சொன்னேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதையும் தெரிந்து செய்யவில்லை.

துணி வந்தபோது கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. விரித்துப் பார்த்து மச்சினி, "அழகாதான் மாமா இருக்கு" என்றாள். அந்தத் 'தான்' எனக்கு உறைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து வேலை முடிந்து அவள் கடைக்குப் போனேன். மெஷின் ஓடவில்லை. அவள் தரையில் துணியை நீளத்துக்கு விரித்து, அதன்மேல் முட்டிபோட்டு, கையில் ஒரு ட்ரேசிங் தாளை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா தேடற?"

"பாக்கெட்டு."

சட்டை தைப்பவர்களுக்கு ஒரு மானப் பிரச்சினை உண்டு. மார்பில் வைக்கிற பாக்கெட், அடியில் இருக்கும் கட்டத்தோடும் கோட்டோடும் சேர்ந்துபோக வேண்டும். பாக்கெட் இருப்பதே கண்ணுக்குத் தெரியக் கூடாது. கட்டம் போட்ட துணி என்றால் கொஞ்சம் கீழே தள்ளி அதே கட்டத்தைப் பார்த்து வெட்டிவிடுவார்கள். என் துணியில் எவ்வளவு கீழே தள்ளுவது? பாக்கெட் வரும் இடத்தை ட்ரேசிங் தாளில் வரைந்துகொண்டு, அதே அமைப்பு துணியில் வேறெங்காவது இருக்கிறதா என்று அவள் அறுபத்தைந்து மீட்டரிலும் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் ஐந்து சட்டை முடித்திருந்தாள். ஐந்திலும் பாக்கெட் எங்கே என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே கணிதம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். முழுக் கோலமும் ஒழுங்காகத் திரும்ப வராதே தவிர, அதில் ஒரு சின்னத் துண்டு இன்னோர் இடத்தில் கட்டாயம் வந்தே தீரும். தேடினால் கிடைக்கும். எங்கே கிடைக்கும் என்பதற்குத்தான் வாய்ப்பாடு கிடையாது. படித்தபோது இதைப் போல அழகான விஷயம் இல்லை என்று நினைத்துப் பக்க ஓரத்தில் கோடுகூடப் போட்டிருந்தேன். கோடு போடும்போது, அதை ஒரு பெண் சிமென்ட் தரையில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு சரிபார்ப்பாள் என்று நினைக்கவில்லை.

"பதினோரு வருஷம் ஒரே காலர தச்ச இல்ல. அதான் திரும்ப வராத துணியா ஒண்ணு குடுக்கலாம்னு..." என்று இழுத்தேன்.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நல்ல மனசு மாமா உங்களுக்கு. ஆனா எனக்கு ஆளுங்க திரும்பத் திரும்ப வரணுமே."

மறுநாள் மாப்பிள்ளை நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு அளவு பார்க்க வந்தான். ஐந்து பேரும் ஐந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். நான் மொபைலில் படமெடுக்கத் தயாராக இருந்தேன்.  ஒருவரையொருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தவர் படகில் எஞ்சின் பார்த்துக்கொள்பவர். நல்ல அகலமான மனிதர். "இன்னா நைனா இது? எனுக்கு வவுத்து மேல மட்டும் நாலு ஆரஞ்சு கீது. அவனுக்கு ஒண்ணுகூட இல்ல?"

"டேய், எனுக்கு முதுவுல கீதுடா, நீ பாக்கல."

"மாப்ளைக்கு மட்டும் நெஞ்சுல வச்சிக்கீறாங்கடா. சொல்லி வச்சி தச்சாமாதிரி."

நான் முன்னால் வந்து விளக்கினேன். ஆரஞ்சு எங்கே விழும் என்பது யாருடைய விருப்பத்தையும் பொறுத்ததல்ல, திருப்பிப் போட்ட ஓடுகள் சராசரியாக ஏழுக்கு ஒன்று வரும், இது பிரபஞ்சத்தின் ஏற்பாடு என்றெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு சட்டையும் உலகத்தில் தனி என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"தனியா?" என்றான் மாப்பிள்ளை. பக்கத்தில் நின்றவனைக் காட்டி, கோபமே இல்லாமல்தான் பேசினான். "அண்ணாத்த, நீங்க படிச்சவரு. போன வருசம் இவன் தம்பி கல்யாணத்துல துணி பத்தல. ஒருத்தனுக்கு மட்டும் கொஞ்சம் வெளுத்த கலர்ல எடுத்துக் குடுத்துட்டாங்கோ. அவன் அன்னிக்கு முழுக்க பின்னாடியே நின்னுகினு இருந்தான். ஒரு போட்டோல கூட வரல. சாப்புடாமகூட பூட்டான்." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "அது நான்தான்" என்றான்.

 மனிதன் தனித்துவத்துக்கு ஏங்குகிறான் என்று எத்தனை புத்தகத்தில் படித்திருப்பேன். எழுதியவர்கள் யாரும் இருபத்தொரு பேருக்குப் பின்னால் வெளுத்த சட்டையோடு நின்றிருக்க மாட்டார்கள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. ரெண்டு நாள் பாக்கறோம். இல்லாங்காட்டி ரெடிமேட்ல எடுத்துக்கறோம்," என்றான் மச்சினியிடம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். சுவரில் தேதி காலண்டர் தொங்கியது. மாசம் முடிய எட்டு நாள்.

சட்டைகளைக் கழற்றினார்கள். எஞ்சின்காரருக்குப் பட்டன் அவிழ்க்கும் பொறுமை இல்லை. பனியன் மாதிரி தலை வழியாக இழுத்தார். சட்டை உல்ட்டாவாக உரித்துக்கொண்டு வந்தது. அப்படியே மெஷின் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு நான் மன்னிப்புக் கேட்க நல்லதாக ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். மச்சினி என்னைப் பார்க்கவில்லை. மெஷின் மேல் கிடந்த சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி பிரிண்டில் சாயம் மேல் பக்கம்தான் அழுத்தமாக ஏறும். உள்பக்கம் லேசாகக் கசிந்திருக்கும், அவ்வளவுதான். ஆறு நீலமும் ஒன்றாகக் கலந்து, விடிகாலையில் தண்ணீர் இருக்குமே அந்த மாதிரி ஒரு வெளிர் நீலம். ஆரஞ்செல்லாம் சந்தனத்தைத் தொட்டுத் துடைத்த மாதிரி, இருந்தும் இல்லாமல்.

அவள் அதை எடுத்துக் கையை நீட்டித் தூரப் பிடித்தாள். இன்னொரு சட்டையையும் உல்ட்டாவாக்கிப் பக்கத்தில் பிடித்தாள்.

"மாமா, உங்க கணக்குல திருப்பிப் போட்டா தப்பில்லன்னு சொன்னீங்க இல்ல?"

"தப்பில்ல. அங்கங்க திருப்பித்தான் போடணும்."

"மொத்தமா திருப்பிட்டா?"

யோசித்தேன். தரை முழுவதையும் கண்ணாடியில் காட்டினால் கண்ணாடிக்குள் தெரிவதும் அதே விதிப்படிதான் இருக்கும். "மொத்தமா திருப்பினாலும் திரும்ப வராது. நிரூபணம் அப்படியே செல்லும்," என்றேன்.

"அது போதும்," என்றாள். நிரூபணத்தைச் சொல்லவில்லை. சட்டையைச் சொன்னாள்.

மீதித் துணியை அன்றே உல்ட்டாவாகப் போட்டு வெட்ட ஆரம்பித்தாள். பாக்கெட் தேட வேண்டியதில்லை, எங்கே வைத்தாலும் சேர்ந்துபோயிற்று. வீணான ஐந்து சட்டைக்குப் பதிலாகத் தைக்க, முடிவிலிக்கு என்று நான் வாங்கிய பதினைந்து மீட்டர் இருந்தது. மெஷின் ஓடிய வேகத்தைப் பார்த்தபோதுதான் காலரில் பதினோரு வருடம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. கை தானாகப் போகிறது. திரும்பத் திரும்பச் செய்வதை ஒரு தண்டனை மாதிரி நினைத்து நான் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ அதைச் சேமித்து வைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் மாப்பிள்ளை வந்து ஆறு சட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இதான்க்கா! இத மொதல்லயே குடுத்துக்கினு இருந்தா பேஜாரே இல்லியே," என்றவன், என் பக்கம் திரும்பி ஆறுதலாகச் சொன்னான்: "அண்ணாத்த, உங்க டிசைனு உள்ள பத்திரமா கீது."

கல்யாணத்தன்று கோயில் படிக்கட்டில் இருபத்திரண்டு பேரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கை தூரத்தில் நின்றால் இருபத்திரண்டும் ஒன்றே. உள்ளே, அவரவர் தோலை ஒட்டி, ஆளுக்கொரு கோலம். ஏழுக்கு ஒன்று ஆரஞ்சு. இந்த ஊரில் இதைத் தெரிந்து நின்றவன் நான் ஒருவன்தான் என்று நினைத்து, எனக்கே கொஞ்சம் கண் கலங்கிற்று. பக்கத்தில் இருந்த மனைவி, "புழுதி," என்று முடிவு செய்து கைக்குட்டையைக் கொடுத்தாள்.

மாசக் கடைசியில் மச்சினி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அதற்குள் காசிமேட்டிலிருந்து இன்னும் இரண்டு செட்டு வந்துவிட்டது. "அதே மாதிரி" வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஒற்றை நிறத்தில் வெளிர் நீலத் துணியாகவே யானைக்கவுனியில் எடுத்துவிட்டாள். ரிப்பீட் எத்தனை அங்குலம் என்ற கேள்வியே எழவில்லை. வீணான ஐந்து சட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. அதில் நான்கு எனக்குப் பெரிது. ஐந்தாவது எஞ்சின்காரருடையது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டில் சங்கரா வாங்கப் போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா, எஞ்சின்காரருடைய தாயார் என்று பேச்சில் தெரிந்தது. மகன் தோஸ்து கல்யாணத்துக்குப் போட்ட சட்டையைத் தைத்தவள் என் மச்சினிதான் என்றேன். அடக்கமாக, துணியின் டிசைன் என்னுடையது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

"அப்டியா நைனா! நல்ல சட்டை. தச்சது ஒரு கொறை சொல்ல முடியாது," என்றபடி மீனைத் தட்டில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, பக்கத்துக் கடைக்குக் கேட்காமல் சொன்னார்: "உள்பக்கம்தான் அங்கங்க ஆரஞ்சு ஆரஞ்சா இன்னாமோ கறை கீது. மூணு வாட்டி பிரஷ் போட்டு தேச்சிட்டேன், போவ மாட்டேங்குது."